விட்லம் மண்ணு கொட்டற போட்டோ "செட்டப்"பா? மெர்வின் பிஷப் கண்காட்சிய கைடோட பாக்கலாமா?

கேள்வி (சிட்னி வாசகர்), 2021 மார்ச் 9

கான்பெரால நேஷனல் பிலிம் அண்ட் சவுண்ட் ஆர்க்கைவ்ல மெர்வின் பிஷப் போட்டோ எக்ஸிபிஷன் நடக்குதாமே, யாராவது போனீங்களா? அவரோட பேமஸ் போட்டோ, ஆஸ்திரேலியப் பிரதமர் விட்லம், லிங்கியாரிங்கற அபாரிஜினல் (பூர்வகுடி) பெரியவர் கையில மண்ணு கொட்டறது, அதுவே செட்டப்னு படிச்சேன். நடந்து முடிஞ்சத வெளிய கூட்டிட்டு வந்து திரும்பப் பண்ண சொல்லி எடுத்தாராம். அப்புறம் என்னங்க போட்டோ ஜர்னலிசம்? இதுக்கு மூணு மணி நேரம் வண்டி ஓட்டி வந்து கைடு பின்னாடி மந்தையா நடக்கணுமா, இல்ல நெட்லயே பாத்துக்கலாமா?

2021 மார்ச் 14

நேத்து போயிட்டு வந்தேன். செட்டப் விஷயத்துக்கு அப்புறம் வரேன், முதல்ல கைடு. கொரோனா புண்ணியத்துல ஒரு டூருக்கு கொஞ்சம் பேரதான் விடறாங்க, வாசல்ல செக் இன் சிபிஆர் ஆப்ல கியூஆர் அடிச்சுட்டு உள்ள போனா எல்லாரும் தள்ளித் தள்ளி நிக்கறோம், மந்தைக்கு சான்ஸே இல்ல. கைடு ஆரம்பிக்கறப்போ ரெண்டு விஷயம் சொன்னாங்க. இது நன்னவால், நம்ப்ரி மக்களோட மண்ணு. அப்புறம், படங்கள்ல இறந்து போனவங்க முகமும் பேரும் வரும், அபாரிஜினல், டோரஸ் ஸ்ட்ரெய்ட் தீவுப் பூர்வகுடி விசிட்டர்ஸ் யாருக்காவது வேணாம்னா அந்த எடத்துல ஒதுங்கிக்கலாம், ஏன்னு யாரும் கேக்க மாட்டோம். டிவில நிகழ்ச்சிக்கு முன்னாடி இந்த எச்சரிக்கை ஓடும், நாம டீ கப்ப எடுத்துட்டு வர்றதுக்குள்ள போயிடும். ஒரு ஆள் எதிர்ல நின்னு சொல்லி, சொன்னதும் கொஞ்சம் நிறுத்தி, எல்லார் முகத்தையும் ஒரு தடவ பாத்துட்டு நகர்ந்தா வேற மாதிரி இருக்கு.

யாருன்னு தெரியாதவங்களுக்கு: பிஷப் பொறந்தது 1945, நியூ சவுத் வேல்ஸ் வடமேற்குல பிரவாரினா. சொந்தக்காரங்க எல்லாம் "பிரீ"ம்பாங்க. அம்மாவோட கோடாக் கேமராலதான் பழகினது. 1963ல சிட்னி மார்னிங் ஹெரால்ட்ல பயிற்சி போட்டோகிராபரா சேர்ந்தார். பெருநகர தினசரி ஒண்ணுல வேலைக்கு சேர்ந்த முதல் அபாரிஜினல் போட்டோகிராபர். அந்த 67 ரெபரண்டம் இருக்குல்ல, அபாரிஜினல் மக்கள சென்சஸ்ல கணக்கெடுக்கலாம்னு நாடே ஓட்டு போட்டது, அதுக்கு நாலு வருஷம் முன்னாடி. கணக்குல சேக்காத ஆளு, ஊர்ல இருக்கறவன் எல்லாம் காலைல பிரிச்சுப் படிக்கற பேப்பருக்குப் படம் எடுத்திட்டிருந்தார்.

இப்ப செட்டப். 1966 ஆகஸ்ட் 23 அன்னிக்கு நார்தர்ன் டெரிட்டரில வேவ் ஹில் மாட்டுப் பண்ணைல வேலை பாத்த குரிண்ட்ஜிங்கற அபாரிஜினல் மக்கள், குடும்பத்தோட சுமார் 200 பேர், வின்சென்ட் லிங்கியாரி தலைமைல வேலைய விட்டுட்டு நடந்து போயிட்டாங்க. பண்ணை வெஸ்டின்னு ஒரு பிரிட்டிஷ் முதலாளிக் குடும்பத்தோடது. வெளிய இருந்து பாத்தவங்க கூலி ஸ்ட்ரைக்னு நெனச்சாங்க, அவங்க கேட்டது நிலம். வாட்டி கிரீக்ல, அவங்க தகுராகுன்னு சொல்ற எடத்துல போய் உக்காந்தவங்க எந்திரிக்கவே இல்ல. ஒம்பது வருஷம். 1975 ஆகஸ்ட் 16ல விட்லம் நேர்ல வந்து குத்தகைப் பத்திரத்த குடுத்து, ஒரு பிடி மண்ண லிங்கியாரி கையில போட்டார். இது நடந்தது நிழலுக்குப் போட்ட பந்தலுக்கு அடில. வெளிச்சம் பத்தல. பிஷப், ஐயா கொஞ்சம் வெளிய வந்து இன்னொரு தடவ பண்ண முடியுமான்னு கேட்டார். வந்தாங்க, பண்ணாங்க. பின்னாடி தெரியற நீல வானம் அப்படி வந்ததுதான். இத கைடு மறைக்கல, அதுலேர்ந்துதான் கதையவே ஆரம்பிச்சாங்க, நீங்க ஏதோ ரகசியத்த கண்டுபுடிச்ச மாதிரி கேக்கறீங்களே பாஸ்.

2021 மார்ச் 15

நம்ம ஊர் கல்யாணத்துல போட்டோகிராபர் "மாலை மாத்தறத இன்னொரு தடவ பண்ணுங்க, அத்தை தலை மறைச்சிடுச்சு"ன்னு சொல்வார், நாமளும் பண்ணுவோம். அதுக்காக கல்யாணம் செட்டப்னு யாராவது கோர்ட்டுக்குப் போறாங்களா?

2021 மார்ச் 16

கல்யாண உதாரணத்துக்கு லைக் போட்டவங்க எல்லாம் கொஞ்சம் பொறுங்க, ராத்திரி படுத்துட்டு யோசிச்சா அது அவ்ளோ சரியா உக்காரல. கல்யாண போட்டோகிராபருக்கு பணம் குடுக்கறது ரெண்டு வீட்டுக்காரங்களும். இங்க பிஷப் ஹெரால்ட் ஆளு இல்ல. மேல ஒருத்தர் "பத்திரிகைக்காக எடுத்தார்"னு எழுதியிருந்தார், அது தப்புங்க. 1974லயே பேப்பர விட்டுட்டு கான்பெரால அபாரிஜினல் விவகார டிபார்ட்மென்ட்ல ஸ்டாப் போட்டோகிராபரா சேர்ந்துட்டார். அதாவது அரசாங்கம் நிலம் குடுக்குது, அரசாங்கத்தோட போட்டோகிராபர் படம் எடுக்கறார், வெளிச்சம் நல்லா விழற எடத்துல பிரதமர நிக்க வைக்கறார். இன்னிக்கு ஏதாவது மந்திரி பட்டா குடுக்கற போட்டோவ ரெண்டு டேக் எடுத்தாங்கன்னு தெரிஞ்சா நானே கிண்டல் பண்ணி நாலு வரி போட்டிருப்பேன். அதனால சிட்னி நண்பர் கேட்டத சும்மா தள்ளிவிட முடியாது.

ஆனா இன்னொண்ணும் இருக்கு. அன்னிக்கு அங்க இருந்தவங்கள்ல நாட்டோட பிரதமர "வெளிய வாங்க"ன்னு சொல்லணும்னு தோணினது அந்த ஒருத்தருக்குத்தான். சதுர பிரேம் கேமரா, ஒரு ரோலுக்கு 12 படம், இப்ப மாதிரி அடிச்சுத் தள்ளிட்டு அப்புறம் பொறுக்க முடியாது. என்ன வேணும்னு முன்னாடியே கண்ணுல தெரியணும்.

2021 மார்ச் 28

மறுபடி போனேன், இந்த தடவ வீட்ல எல்லாரையும் கூட்டிட்டு. பொண்ணுக்கு போரடிச்சு தரைல உக்காந்துட்டா, சத்தம் இல்லாம நடந்து போற டூர்னாலே அவளுக்கு ஆகாது. பிலிம் ரோல்னா என்னன்னு கைடே அவகிட்ட உக்காந்து சொல்லிக் குடுத்தாங்க, 12 படம்தான்னு கேட்டதும் "அப்புறம்?"ன்னா. அப்புறம் மாத்தணும்டா கண்ணு.

இன்னிக்கு அந்த கன்னியாஸ்திரி படத்து முன்னாடி ரொம்ப நேரம் நின்னேன். 1971, சிட்னி டார்லிங்ஹர்ஸ்ட்ல செயின்ட் மார்கரெட்ஸ் ஆஸ்பத்திரி, ஒரு சின்னப் பையன் மாத்திரை முழுங்கிட்டான்னு சந்தேகம், கன்னியாஸ்திரி அவன வாரித் தூக்கிட்டு ஓடறாங்க. கறுப்பு வெள்ளை. வெள்ளை அங்கி, அந்தக் கையில தொங்கற பையன், இதத் தவிர கண்ணு வேற எங்கயும் போகாது. ஹெரால்ட் முதல் பக்கத்துல வந்தது, அந்த வருஷத்தோட சிறந்த செய்திப் போட்டோகிராபர் விருது அதுக்குத்தான். இதுல செட்டப்புக்கு எடமே இல்ல, ஒரு செகண்ட் தவறினா போச்சு. ஒரே ஆளுதான் இந்தப் படத்தையும் எடுத்தார், நாலு வருஷம் கழிச்சு பிரதமர வெளிய கூட்டிட்டும் வந்தார். ரெண்டையும் பாத்துட்டு அப்புறம் "ஜர்னலிசமா"ன்னு கேளுங்க.

பி.கு: விருது வாங்கின ஆளு மூணே வருஷத்துல பேப்பர விட்டுட்டுப் போறார்னா என்ன அர்த்தம்னு டூர்ல ஒருத்தர் கேட்டார். கைடு, "நீங்க என்ன நெனக்கறீங்க"ன்னு திருப்பிக் கேட்டாங்க. அவர் பதில் சொல்லல. நாங்களும் சொல்லல.

2021 ஏப்ரல் 2

பார்க்கிங் எப்படின்னு கேட்டவருக்கு: வாரக் கடைசில கஷ்டம் இல்ல. சாப்பாடு எடுத்துட்டுப் போங்க, ஏரிக்கரை பக்கத்துலதான்.

2021 ஏப்ரல் 18

கைடே வேணாம்னு சொல்றவங்க கோஷ்டி இங்க பெருசாயிட்டே போகுது, அதனால ரெண்டு அனுபவம் எழுதறேன், ஒண்ணு மோசம், ஒண்ணு நல்லது.

மோசமானது இங்க இல்ல, வேற ஊர்ல ஒரு கேலரி, பேரு வேணாம், கண்காட்சியும் வேற. அந்த கைடு மனப்பாடம் பண்ணிட்டு வந்துட்டார். ஒவ்வொரு படத்துக்கும் வருஷம், அளவு, எந்தப் பேப்பர்ல பிரின்ட், அடுத்த படம். யாராவது வாயத் தொறந்தா "கடைசில கேள்வி நேரம் இருக்கு". கடைசில நேரம் இல்ல. அதுக்கு லேபிளையே படிச்சிருக்கலாம்.

நல்லது, கண்ணு தெரியாதவங்களுக்காக வாயால விவரிச்சு கூட்டிட்டுப் போற டூர். ஆர்ட் கேலரி ஆஃப் நியூ சவுத் வேல்ஸ் மாதிரி பெரிய எடங்கள்ல இது ரொம்ப நாளா நடக்குது, சைகை மொழிலயும் தனி டூர் உண்டு. நான் ஒட்டிக்கிட்டது வயசான ஒரு அம்மாவோட, அவங்களுக்கு பார்வை போய் ரொம்ப காலம். லிங்கியாரி படம் வந்தது. கைடு, இடது பக்கம் விட்லம், சூட் போட்டிருக்கார், நல்ல உயரமான ஆளு, வலது பக்கம் லிங்கியாரி, ஒரு கையில பத்திரம், இன்னொரு கை விரிஞ்சிருக்கு, மண்ணு விழுந்துட்டு இருக்குன்னு நிதானமா சொன்னாங்க. அந்த அம்மா ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க: "யார் கை மேல இருக்கு?"

விட்லம் கை. குடுக்கறவர் கை. படத்த அத்தன தடவ பாத்திருக்கேன், இது கண்ணுல பட்டும் மண்டைல ஏறல. தன்னோடதா இல்லாத மண்ண மேல இருந்து குடுக்கறார், அதோட சொந்தக்காரர் கீழ கைய நீட்டி வாங்கறார்.

கைடு அங்கேர்ந்து 1835க்குப் போனாங்க. ஜான் பேட்மன்னு ஒரு குடியேறி, இப்ப மெல்போர்ன் இருக்கற பக்கம் வுருண்ட்ஜெரி பெரியவங்ககிட்ட ஒப்பந்தம் போட்டப்போ, அவங்க ஒரு பிடி மண்ண அவன் கையில வச்சாங்கன்னு ஒரு செய்தி உண்டு. கவர்னர் அந்த ஒப்பந்தமே செல்லாதுன்னு அறிவிச்சுட்டார், நிலம் எல்லாம் ராஜாவோடது, நீ யாரு அவங்ககிட்ட வாங்கறதுக்குன்னு. 1975ல விட்லத்துகிட்ட மண்ணு யோசனைய சொன்னது நக்கெட் கூம்ஸ், ரிசர்வ் பேங்க் கவர்னரா இருந்தவர், பேட்மன் கதைய மனசுல வச்சுத்தான் சொன்னார். பேச்ச சுருக்கமா வச்சுக்கோங்கன்னும் சொன்னாராம், விட்லத்துகிட்ட அத சொல்றதுக்கு ஒரு தனி தைரியம் வேணும். ஆக அந்தப் படத்துல நடக்கறது 140 வருஷம் முன்னாடி குடுத்தது திரும்பி வர்றது. இத லேபிள்ல எழுத எடம் ஏது?

2021 ஏப்ரல் 19

"அப்போ விழாவே நாடகம்தானே, கூம்ஸ் ஸ்கிரிப்ட் எழுதினார், பிஷப் டேக் ரெண்டு எடுத்தார்"னு கீழ வந்திருக்கு. சிரிச்சுட்டேன். சடங்குன்னாலே அப்படித்தானே இருக்கும். யாரோ ஒருத்தர் யோசிச்சு, யாரோ ஒருத்தர் இப்படி நில்லுன்னு சொல்லித்தான் எல்லா சடங்கும் நடக்குது.

2021 மே 30

ரிகன்சிலியேஷன் வாரம் (பூர்வகுடிகளும் மத்தவங்களும் இணக்கமாகறதுக்குன்னு வச்ச வாரம்), நாளைக்கு இங்க லீவு, அதனால கூட்டம். இன்னிக்கு நடந்தத எழுதலன்னா தூக்கம் வராது.

கண்காட்சில பெரும்பாலான படங்கள் விட்லமும் இல்ல கன்னியாஸ்திரியும் இல்ல. பிரவாரினால சொந்தக்காரங்க, கசின் பசங்க, 1975ல ஆர்னம் லேண்டுல மூமெகாங்கற சின்ன குடியிருப்புல ஆத்துல ஆட்டம் போடற குழந்தைங்க, 1988ல பர்ன்ட் பிரிட்ஜ்ல டீ ஊத்தற ஒரு பொண்ணு. 1968ல உலக சாம்பியன் ஆன பாக்ஸர் லயனல் ரோஸ் பத்திரிகைக்காரங்க முன்னாடி உக்காந்திருக்கற படமும் உண்டு. ஆர்க்கைவ்காரங்க தங்க சேகரிப்புல இருந்து ஒலியும் பழைய படச்சுருளும் சேத்திருக்காங்க, அதனால ஒரு படத்த பாத்துட்டு இருக்கும்போதே பின்னாடி யாரோ பேசற குரல் கேக்கும்.

எங்க டூர்ல ஒரு ஆன்ட்டி இருந்தாங்க, பிரீ பக்கத்துக்காரங்க. ஊர் படங்கள் கிட்ட வந்ததும் கைடு ரெண்டு வாக்கியம் பேசியிருப்பாங்க, ஆன்ட்டி நடுவுல புகுந்து அந்த வீடு எந்தத் தெரு, அந்த ஊர்ல யாருக்கு என்ன பட்டப்பேரு, எந்தப் பசங்க ஆத்துல மீன் பொறி கிட்ட போய் உதை வாங்கினாங்க, எல்லாம் சொல்லி சொல்லி சிரிக்கறாங்க. மீன் பொறின்னா பார்வன் ஆத்துல கல்லு அடுக்கி கட்டினது, உலகத்துலயே ரொம்பப் பழைய மனுசக் கட்டுமானங்கள்ல ஒண்ணுன்னு சொல்றாங்க, ஆன்ட்டிக்கு அது உதை வாங்கற எடம். கைடு ஒரு அடி பின்னாடி போய் எங்களோட சேந்து நின்னுட்டாங்க. பேச்ச திரும்ப எடுத்துக்க முயற்சியே பண்ணல. டூர் நேரம் தாண்டிடுச்சு, அடுத்த குரூப்பும் வந்து சேந்துக்கிச்சு, இடைவெளி விட்டு நிக்கறதெல்லாம் காத்துல போச்சு.

அந்தப் படங்கள்ல இருக்கறவங்க கேமராவப் பாத்து வெறைப்பா நிக்கல. எடுக்கறவன் நம்ம மெர்வ்தானேன்னு இருக்காங்க. அந்தக் காலத்துல மத்த பேப்பர்காரங்க எடுத்த அபாரிஜினல் படங்கள தேடிப் பாருங்க, ஒண்ணு பாவப்பட்ட ஜனங்க, இல்லன்னா பூர்வகாலத்து அதிசயம். டீ ஊத்தற பொண்ணுன்னு ஒரு படம் இருக்கவே முடியாது.

என்னோட ஆலோசனை: டூர் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே போய் இந்தப் படங்கள தனியா பாத்துடுங்க. எந்த கைடா இருந்தாலும் நேரத்துல பாதிய விட்லம் படம் சாப்ட்டுடும். அவங்க மேல தப்பில்ல, எல்லாரும் அதத்தான் கேக்கறோம், இங்கயே பாருங்க மார்ச்லேர்ந்து என்ன பேசிட்டிருக்கோம்னு.

2021 ஜூன் 8

உரிமை யாரோடதுன்னு ஒருத்தர் கேட்டிருந்தார், நல்ல கேள்வி. ஆர்ட் கேலரி ஆஃப் நியூ சவுத் வேல்ஸ் சைட்ல லிங்கியாரி படத்த தொறந்து காப்பிரைட் வரிய பாருங்க. பிஷப் பேருக்கு பக்கத்துல ஒரு கோடு, அப்புறம் பிரதமர் அமைச்சரவை டிபார்ட்மென்ட் பேரு. அவர் அரசாங்க சம்பளத்துல எடுத்தது, அவ்ளோதான். அங்க இருக்கற பிரின்டோட அளவு ஒரு அடிக்கு ஒரு அடி, 30.5 சென்டிமீட்டர். பாட புத்தகம், ஸ்டாம்ப் சைஸ்லேர்ந்து சுவரளவு வரைக்கும் பாத்து பழகின கண்ணுக்கு பொசுக்குனு இருக்கும்.

2021 ஜூன் 27

சிட்னில லாக்டவுன் போட்டுட்டாங்க. கேள்வி கேட்ட நண்பரே, மூணு மணி நேரம் ஓட்டணுமான்னு மார்ச்லேர்ந்து யோசிச்சீங்க, இப்ப யோசிக்க நிறைய டைம் இருக்கு.

(கோச்சுக்காதீங்க. வீட்ல எல்லாரும் நல்லா இருக்கீங்கதானே?)

2021 ஜூலை 11

நெய்டாக் வாரத்தோட, அதாவது பூர்வகுடி மக்களோட பண்பாட்டக் கொண்டாடற வாரத்தோட, கடைசி நாள். இன்னிக்கு கண்காட்சிய விட கட்டடத்த பத்திதான் எழுதப் போறேன், தலைப்புலேர்ந்து விலகுதுன்னு யாரும் சிவப்புக் கொடி காட்டாதீங்க, திரும்பி வந்துடுவேன்.

ஆர்க்கைவ் இருக்கற கட்டடம் 1930கள்ல ஆஸ்திரேலியன் இன்ஸ்டிட்யூட் ஆஃப் அனாட்டமி. கல்லுல செதுக்கின கோவான்னா உடும்பு, கோவாலா, வாம்பட், கூடத்து மேல கூரைக் கண்ணாடில பிளாட்டிபஸ், பாக்க ரொம்ப அழகு, ஆர்ட் டெக்கோ பைத்தியங்க கேமராவோட வந்து சுத்துவாங்க. சுவத்துல பெரிய விஞ்ஞானிங்க முகத்த செஞ்சு மாட்டியிருப்பாங்க. பார் லாப்னு அந்தப் பந்தயக் குதிரை இருக்கே, அதோட இதயம் இங்கதான் ஜாடில இருந்தது, ஜனங்க வரிசைல நின்னு பாப்பாங்க. அதே இன்ஸ்டிட்யூட் அபாரிஜினல் மக்களோட எலும்புகளையும் சேத்து வச்சிருந்தது. மர்ரே ஆத்தங்கரைப் பக்கம் புதைகுழிகளத் தோண்டி எடுத்தது, ஜார்ஜ் மர்ரே பிளாக்னு ஒருத்தர் இந்த வேலையாவே இருந்தார். அப்புறம் 80கள்ல மியூசியத்துக்கு மாத்தி, அங்கேர்ந்து அந்தந்த ஊருக்கு திருப்பிக் குடுக்கற வேலை தொடங்கினது.

மார்ச்ல கைடு ஆரம்பத்துல சொன்ன எச்சரிக்கை ஞாபகம் இருக்கா, இறந்தவங்க முகமும் பேரும் வரும்னு? ஒரு காலத்துல யாரையும் கேக்காம இறந்தவங்களையே அலமாரில அடுக்கி வச்சிருந்த கட்டடத்துக்குள்ள நின்னுதான் அத சொல்றாங்க. இன்னிக்கு வந்த கைடு வாசல்லயே இத சொல்லிட்டுத்தான் உள்ள கூட்டிட்டுப் போனாங்க, மார்ச்ல வந்தவங்க சொல்லல. ஒரே கண்காட்சி, கைடு மாறினா வேற கண்காட்சி. சிலருக்கு இது குறையா தெரியும். எனக்கு இதுக்காகவே திரும்பத் திரும்பப் போகத் தோணுது, வீட்ல "அங்க என்ன சம்பளமா தராங்க"ன்னு கேட்டாச்சு.

2021 ஜூலை 12

கட்டடத்துல பேய் இருக்காமேன்னு கேட்டவருக்கு: கான்பெரால பேய் டூர் நடத்தறவங்க அங்க கூட்டிட்டுப் போவாங்க, ஆமா. நான் போகல, போகவும் மாட்டேன். எலும்பு கதைய தெரிஞ்சுக்கிட்டப்புறம் டிக்கெட் வாங்கி பயந்து விளையாட மனசு வரல.

2021 ஆகஸ்ட் 1

சிட்னி நண்பர் பொறுமையா ஒரு நீளமான பதில் போட்டிருக்கார். சுருக்கமா: "எத்தன விளக்கம் குடுத்தாலும் அந்தப் படம் உண்மையா நடந்தத விட அழகா இருக்கு, அதுதான் எனக்கு இடிக்குது." இந்த வாக்கியம் எனக்குப் புடிச்சிருக்கு, ஏன்னா என்னோட உறுத்தலும் அதுக்குப் பக்கத்துலதான் இருக்கு, பந்தலுக்கு உள்ளயா வெளியயாங்கறதுல இல்ல.

அன்னிக்கு குடுத்தது குத்தகை. 3,200 சதுர கிலோமீட்டருக்கு மேல, ஆனா குத்தகை. விட்லம் பேச்சுல இந்த நிலம் உங்களுக்கும் உங்க பிள்ளைங்களுக்கும் எப்பவும் சொந்தம்னு சொன்னார். மூணு மாசம் முடியறதுக்குள்ள, நவம்பர் 11ல, கவர்னர் ஜெனரல் அவரையே பதவிலேர்ந்து தூக்கிட்டார். நார்தர்ன் டெரிட்டரி நில உரிமைச் சட்டம் 1976ல அடுத்த அரசாங்கம் நிறைவேத்தினது. குரிண்ட்ஜி கைக்கு முழு உரிமைப் பத்திரம் வந்தது 1986. லிங்கியாரி இறந்தது 1988 ஜனவரி. முழுசா கைக்கு வந்தப்புறம் அவர் இருந்தது ரெண்டு வருஷம் கூட முழுசா இல்ல. வேவ் ஹில் ஸ்டேஷன் நிலத்து மேல நேட்டிவ் டைட்டில, அதாவது பூர்வகுடிகளோட பரம்பரை நில உரிமைய, கோர்ட் ஒத்துக்கிட்டது போன வருஷம், 2020ல.

படம் 1975லயே "முடிஞ்சது, குடுத்தாச்சு"ன்னு சொல்லிடுச்சு, சட்டம் அந்த எடத்துக்கு வந்து சேர 11 வருஷம் ஆச்சு. வானம் நீலமா இருக்கறது எனக்குப் பிரச்சினையே இல்ல, வேலை பாக்கி இருக்குன்னு அந்தப் படத்துல எங்கயும் தெரியல, அதுதான் பிரச்சினை. ஆனா அத பிஷப் தலைல கட்ட முடியுமா? அவர் எடுத்தது ஒரு செகண்டோட படம், அத நாட்டோட முழுக் கதையா தூக்கிட்டு சுத்தினது நாம, பாட புத்தகம் போட்டவங்க, ஸ்பீச் எழுதறவங்க. நான் கேட்ட கைடுகள்ல 1986ன்னு வருஷம் சொன்னது ஒருத்தர்தான், ஏப்ரல்ல கண்ணு தெரியாத அம்மாவுக்கு விவரிச்சாங்களே, அவங்க. மத்தவங்க டேக் ரெண்டு கதையோட நிறுத்திடறாங்க. கேக்கறவங்களுக்கும் அதுல ஒரு கிக் இருக்கு, திரைக்குப் பின்னாடி பாத்துட்டோம்னு.

2021 ஆகஸ்ட் 17

இப்ப எங்களுக்கும் லாக்டவுன், 12ம் தேதி சாயங்காலத்துலேர்ந்து. நேத்து ஆகஸ்ட் 16, மண்ணு கொட்டின நாளு, வீட்ல உக்காந்து உங்க கேள்விகளுக்கு பதில் போடறேன்.

அபாரிஜினல் போட்டோகிராபர்கள் வேற யார் இருக்காங்கன்னு கேட்டவங்களுக்கு: 1986 செப்டம்பர்ல சிட்னில நெய்டாக் சமயத்துல அபாரிஜினல், ஐலேண்டர் போட்டோகிராபர்கள் மட்டுமே சேர்ந்து ஒரு கண்காட்சி போட்டாங்க, பிஷப்போட மைக்கேல் ரைலி, ட்ரேசி மொஃபட், பிரெண்டா கிராஃப்ட் எல்லாம் அதுல இருந்தாங்க. 1991ல பிஷப்போட முதல் தனிக் கண்காட்சிய தொகுத்ததே மொஃபட்தான். இப்ப இருக்கறவங்கள்ல பார்பரா மெக்ரேடிய தேடுங்க, கோமராய்ங்கற அபாரிஜினல் மக்களச் சேந்தவங்க, தானா கத்துக்கிட்டவங்க, ஃபுட்டி மேட்ச்லேர்ந்து ரெட்ஃபர்ன் ஊர்வலம் வரைக்கும் எல்லாத்துலயும் கேமராவோட முன்னாடி நிப்பாங்க. போன வருஷம் சிட்னி பியனாலேங்கற கலைத் திருவிழால கேம்பல்டவுன் ஆர்ட்ஸ் சென்டர்ல அவங்களுக்கு ஒரு பெரிய எடமே குடுத்திருந்தாங்க.

அப்புறம் பிஷப்புக்கு இந்தியத் தொடர்பு உண்டாமேன்னு ரெண்டு பேர் கேட்டிருக்கீங்க. உண்டு, ஆனா நம்மாளுன்னு போஸ்டர் அடிச்சிடாதீங்க. அவரோட அப்பா மின்டி பிஷப். மின்டியோட அப்பா ஒரு பஞ்சாபி, அம்மா அபாரிஜினல். மின்டி பட்டாளத்துல இருந்தவர், செம்மறி ஆட்டு ரோமம் வெட்டற ஷியரர் வேலை பாத்தவர். 1950ல அரசாங்கம் அவருக்கு ஒரு விலக்கு குடுத்தது, இனிமே உன்ன வெள்ளைக்காரனா மதிச்சுக்கறோம்ங்கற மாதிரி. நியூ சவுத் வேல்ஸ்ல அந்த சர்டிபிகேட்டுக்கு அபாரிஜினல் மக்கள் வச்ச பேரு நாய் லைசென்ஸ். அது கையில இருந்தா டவுன்ல குடியிருக்கலாம், ஹோட்டல் பாருக்குள்ள போகலாம், பதிலுக்கு ரிசர்வ்ல (அபாரிஜினல் மக்களுக்குன்னு ஒதுக்கின குடியிருப்புல) இருக்கற சொந்தபந்தத்துகிட்டேர்ந்து ஒதுங்கி இருக்கணும். நாட்டுக்காக யூனிபார்ம் போட்ட ஆளு, தன் ஊர்லயே நடமாட காகிதம் வாங்கியிருக்கார். இந்த சர்டிபிகேட் குடுக்கறத நடத்தின அரசாங்க போர்ட கலைச்சது 1969ல, அப்போ மகன் ஹெரால்ட்ல பயிற்சியே முடிச்சு முழு போட்டோகிராபர் ஆயிட்டார்.

மே மாசத்துல நான் எழுதின ஊர் படங்கள இத மனசுல வச்சுட்டு திரும்பப் பாருங்க, சொந்தக்காரங்கள எடுக்கறதுங்கறது அந்தக் குடும்பத்துக்கு எவ்ளோ பெரிய விஷயம்னு புரியும். டூர்ல இத அவங்களா சொல்றது கம்மி, நேரம் பத்தாது. எந்த ஊர்ல இந்தப் படங்கள் வந்தாலும் கைடுகிட்ட மின்டி பத்தி நீங்களே கேளுங்க.